ராபர்ட் ஜான்சனுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தது சாத்தானா? ப்ளூஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

ப்ளூஸ் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ராபர்ட் ஜான்சன் என்று ஓர் இளைஞன் இருந்தான். கிட்டார் அவனுக்குச் சுத்தமாக வராது. ஒருநாள் நடுராத்திரி நாற்சந்திக்குப் போனான். அங்கே சாத்தான் வந்து, கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தது. பதிலுக்கு அவன் ஆன்மாவை எழுதி வாங்கிக்கொண்டது. அப்புறம் அவனைப்போல் வாசிக்க ஆளே இல்லை. 27 வயதில் சாத்தான் வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

நமக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபட்டுவிடும். திருஷ்டி சுற்றிய பூசணிக்காயை உடைப்பதும், கழிப்பைக் கொண்டுபோய்ப் போடுவதும் முச்சந்தியில்தானே? ராத்திரியில் அந்த இடத்தைத் தாண்டும்போது காலை எட்டிப் போட்டு நடக்கிறவர்கள் நாம்.

எனக்கு இந்தக் கதைமேல் தீராத வருத்தம் உண்டு. ஒரு மனிதர் விரல் தேயக் கற்றுக்கொண்டதை ஒரே ராத்திரியில் கிடைத்த வரமாக மாற்றிவிடுகிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரையும் சேர்த்து அழித்துவிடுகிறது. "சரி, அவர் கிட்டாரில் அப்படி என்னதான் செய்தார்?" என்ற கேள்வியே எழாமல் செய்துவிடுகிறது. அந்தக் கேள்வி உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிட்டார் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதுச் சொல் எது வந்தாலும் வருகிற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

## முதலில் அந்த ஊர்

டெல்டா என்றதும் நமக்குக் காவிரி கடலில் கலக்கும் பக்கம்தான் நினைவுக்கு வரும். மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் ஒரு டெல்டா உண்டு. அது லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸுக்கும் கீழே. ப்ளூஸ்காரர்கள் சொல்லும் மிசிசிப்பி டெல்டா வேறு. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் தட்டையான வண்டல் பூமி அது. கண்ணுக்கு எட்டிய வரை பருத்தி.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. விடுதலையான கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வெள்ளை முதலாளியின் நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விளைந்ததில் ஒரு பங்கு உழுதவனுக்கு, மீதி முதலாளிக்கு. விதை, ஏர், வீட்டுச் சாமான் எல்லாம் முதலாளியின் கணக்கில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, பல வருஷம் பாக்கிதான் நிற்கும். கணக்கு நோட்டு யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவர்களுடையது. ஊரோரத்தில் பலகை அடித்த கொட்டகை ஒன்று இருக்கும். சாராயம், மீன் வறுவல், சூதாட்டம், நடனம். இதற்கு 'ஜூக் ஜாயிண்ட்' என்று பெயர். அங்கே மைக் கிடையாது. பல இடங்களில் மின்சாரமும் கிடையாது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து, ஒரு கூட்டத்தையே விடிய விடிய ஆட வைக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் கிட்டார் ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஜான்சன்தான் ப்ளூஸை உண்டாக்கியவர் என்று பலர் எழுதுகிறார்கள். அது தப்பு. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர் 1903 வாக்கில் டட்வைலர் என்ற டெல்டா ஊரில் ரயிலுக்குக் காத்திருந்தார். அப்போது கந்தலுடுத்திய ஒருவர் கிட்டார் தந்திமேல் கத்தியை வைத்து நகர்த்தி நகர்த்தி வாசித்துக்கொண்டே பாடியதைக் கேட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த வருஷம் ஜான்சன் பிறக்கவே இல்லை. ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1926-லும், சார்லி பேட்டன் 1929-லும் இசைத்தட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். ஜான்சன் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்.

இதுவரை சொன்னது: ஆற்றிடைப் பருத்தி நிலம், கடனில் மாட்டிய உழவர்கள், சனிக்கிழமைக் கொட்டகை, அங்கே தனியாளாகக் கிட்டார் வாசிப்பவர். ஜான்சன் அந்த வரிசையில் இரண்டாம் தலைமுறை.

## ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டா?

இது அடுத்த தவறான எண்ணம். வெண்பா என்றால் சோகமா, சந்தோஷமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? வெண்பா ஒரு வடிவம். அதில் நீதி சொல்லலாம், காதல் சொல்லலாம், காளமேகம் மாதிரி வெளுத்தும் வாங்கலாம். ப்ளூஸும் அப்படி ஒரு வடிவம். அதில் பிரிவும் உண்டு, பசியும் உண்டு, கேலியும் பச்சையான காதலும் நிறையவே உண்டு.

அந்த வடிவத்தின் எலும்புக்கூடு மூன்று வரி. முதல் வரியைப் பாடு. அதையே திரும்பப் பாடு. மூன்றாவது வரியில் முடித்துவை. நம் வாயில் எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

விடியுமுன்னே ரயிலேறிப் போனா, ஒரு வார்த்தை சொல்லலே
ஆமா, விடியுமுன்னே ரயிலேறிப் போனா, ஒரு வார்த்தை சொல்லலே
தண்டவாளம் மட்டும் மினுங்குது, அதுகிட்ட நான் என்னத்தைக் கேக்க?

இரண்டாம் தடவை ஏன்? பாடுகிறவருக்கு மூன்றாவது வரியை அந்த இடத்திலேயே யோசிக்க நேரம் கிடைக்கிறது. கேட்கிறவருக்கோ, அடுத்து என்ன வரப்போகிறது என்ற தவிப்பு ஏறுகிறது.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு 'பார்' இடம். பார் என்பது தாளத்தின் ஒரு சின்னப் பெட்டி. இங்கே ஒரு பெட்டிக்கு நான்கு தட்டு. மூன்று வரிக்கும் சேர்த்து 12 பார், 48 தட்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் முடிந்ததும் மறுபடி சமத்துக்கு வந்து சேர்வதுபோல, 12 பார் முடிந்ததும் பாட்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இதைத்தான் 'பன்னிரண்டு பார் ப்ளூஸ்' என்கிறார்கள்.

ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய பாதி நேரம்தான் குரலுக்கு. மீதி இடத்தில் கிட்டார் பதில் சொல்கிறது. வயலில் ஒருவர் முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்களே, அந்த ஏற்பாடுதான். தனியாளாக இருப்பதால் பின்பாட்டு வேலை கிட்டாருக்குப் போய்விட்டது.

அடியில் ஓடும் சுரங்கள் எளிமையானவை. மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது 'கார்டு'. ப்ளூஸுக்கு மூன்றே கார்டு போதும். ஒன்று ச-வின்மேல் கட்டியது, ஒன்று ம-வின்மேல், ஒன்று ப-வின்மேல். ச வீடு. முதல் வரி வீட்டிலேயே இருக்கும். இரண்டாம் வரி ம-வுக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும். மூன்றாம் வரி ப-வரைக்கும் போய், ம வழியாக இறங்கி வீடு வந்து சேரும். சொல் அதே சொல், ஆனால் இரண்டாம் தடவை பாடும்போது அடியில் இருக்கும் தரை மாறிவிடுகிறது. அதனால்தான் அலுப்பதில்லை.

கடைசியாக 'ப்ளூ நோட்'. மேற்கத்திய இசை எழுதுபவர்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. நமக்கு அப்படி இல்லை. சாதாரண காந்தாரம் ஓரிடம், அந்தர காந்தாரம் ஓரிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு காந்தாரத்தை நினைத்துக்கொண்டு, அதைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. குரலிலும் தந்தியிலும் உண்டு. ப்ளூஸின் ஏக்கம் அந்த இடுக்கில் இருக்கிறது.

இந்த 48 தட்டுக் கணக்கைப் பழைய ப்ளூஸ்காரர்கள் கடிகாரம் மாதிரிப் பின்பற்றவில்லை. மூச்சு நீண்டால் இரண்டு தட்டு கூடும், அவசரமாக இருந்தால் குறையும். ஜான்சனின் பதிவுகளில் இதைத் தாராளமாகக் கேட்கலாம். பக்கவாத்தியம் யாரும் இல்லையே, தடுமாற யார் இருக்கிறார்கள்? பிற்காலத்தில் குழுவாக வாசித்தபோதுதான் 12 என்பது கறாரான எண் ஆனது.

மொத்தத்தில், மூன்று வரி, 12 பார், மூன்று கார்டு, குரலும் கிட்டாரும் கேள்வி-பதில், இடுக்குச் சுரம். ஜான்சன் இதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதை வைத்து அவர் செய்ததுதான் விஷயம்.

## ஒரு கிட்டார், இரண்டு ஆள்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் இளம் வயதில் முதன்முதலாக ஜான்சனின் இசைத்தட்டைக் கேட்டபோது, "இவர்கூட வாசிக்கிற இன்னொருவர் யார்?" என்று கேட்டாராம். இன்னொருவர் இல்லை. நானும் முதலில் கேட்டபோது இரண்டு கிட்டார் என்றே நினைத்தேன்.

மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பிப் பக்கம் ஒரு கை, வலந்தலையில் ஒரு கை. அடியில் 'தொம்' நிற்கிறது, மேலே சொற்கள் ஓடுகின்றன. கண்ணை மூடினால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். ஜான்சன் இதையே செய்கிறார், ஆனால் ஒரே கையில்.

பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கிட்டாரை மடியில் வைத்தால், வாசிப்பவரின் முகத்துக்கு அருகே தடித்த தந்திகள், தொடைக்கு அருகே மெல்லிய தந்திகள். வலதுகைக் கட்டைவிரல் தடித்த தந்திகளை விட்டு நகராது. டங்-க, டங்-க என்று அது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய தந்திகள் மற்ற விரல்களுக்கு. அவை நினைத்த நேரத்தில் சுண்டும், நிறுத்தும், பதில் சொல்லும்.

இப்போது இடதுகை. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் 'ஃப்ரெட்', வீணையில் மெட்டு இருப்பதுபோல. ஆறாம் தந்தி சும்மா ச என்று கனமாக ஒலிக்கிறது. அதற்கு அடுத்த ஐந்தாம் தந்தியில், இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் அழுத்தியிருக்கிறது. அது ப. இரண்டு அடி அப்படியே அடித்துவிட்டு, மோதிர விரலை நீட்டி நான்காம் ஃப்ரெட்டில் அழுத்தினால் த. மறுபடி விரலை எடுத்தால் ப. ச-வின்மேல் ப-ப-த-த, ப-ப-த-த. எழுதினால் இவ்வளவுதான். செய்து பார்த்தால் அரை மணி நேரத்தில் மோதிர விரல் பிடித்து இழுக்கும். அடியும் சமமாக விழக்கூடாது. 'தகிட' என்பதில் முதல் இரண்டையும் சேர்த்து இழுத்து, கடைசியை மட்டும் வெட்டிச் சொல்லிப் பாருங்கள்: தா...ட, தா...ட. இந்த நொண்டி நடைக்கு 'ஷஃபிள்' என்று பெயர். பியானோக்காரர்கள் இடதுகையால் வாசித்துக்கொண்டிருந்த 'பூகி' நடை இது. அதைக் கிட்டாரின் தடித்த தந்திகளுக்கு இறக்கி, மேலே இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டே பாடியதில்தான் ஜான்சனின் கைத்திறம்.

மேலே பார்த்த இன்னொரு வேலை பல பாட்டுகளில் 'ஸ்லைடு'. உடைந்த பாட்டிலின் கழுத்தையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டி, தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தாமல் மேலாக வைத்து நகர்த்துவது. டட்வைலர் நிலையத்தில் கத்தி செய்த வேலையும் இதுதான். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு உடனே புரியும். தந்தி படி ஏறாது, சறுக்கும். சற்று முன் சொன்ன இடுக்குச் சுரம் அத்தனையும் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு நூல் தள்ளி நின்றாலும் அபஸ்வரம். சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டால் மற்ற மூன்று விரலும் ஃப்ரெட் அழுத்த மிச்சமிருக்கும். அங்கேயும் ஒரே கையில் இரண்டு வேலை.

மூன்றாவது, 'டர்ன்அரவுண்ட்'. 12 பாரில் கடைசி இரண்டு பார். பாட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, மறுபடி கிளம்ப வேண்டும். மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்துப் பல்லவிக்கு வழிவிடுவதுபோல, ஜான்சன் இங்கே மெல்லிய தந்திகளில் படிப்படியாக இறங்கி ப-வில் ஒரு கேள்வியாக நிறுத்துவார். இன்றைக்குப் புதிதாக ப்ளூஸ் கற்கிறவர்கள் முதல் சில மாதங்களிலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். யாருடையது என்று பலருக்குத் தெரியாது.

ஆக, கட்டைவிரல் தாளக்காரர், மற்ற விரல்கள் பக்கவாத்தியக்காரர், குரல் பாடகர். மூன்று பேரின் வேலையை ஒருவர் செய்தார்.

## சொல்லிக்கொடுத்தவர்கள்

ராபர்ட் 1911 மே மாதம் மிசிசிப்பியின் ஹேஸல்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்ததாகக் கருதப்படுகிறது. அம்மா ஜூலியா. அம்மாவின் கணவர் சார்லஸ் டாட்ஸ் சொந்த நிலம் வைத்திருந்தவர், மரச்சாமான் செய்கிறவர். கறுப்பினத்தவர் ஒருவர் அப்படி நிமிர்ந்து வாழ்ந்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை நிலக்காரர்களோடு தகராறாகி, கொல்ல வந்த கும்பலுக்குத் தப்பி அவர் மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஓடினார். ஸ்பென்சர் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அதன்பின் ஜூலியாவுக்கும் நோவா ஜான்சன் என்ற தொழிலாளிக்கும் பிறந்த பிள்ளை ராபர்ட். சிறுவயதில் சில வருஷம் மெம்ஃபிஸில் அந்த ஸ்பென்சர் வீட்டில் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார். பிறகு டெல்டாவில், ராபின்சன்வில் பக்கம், அம்மாவிடம் வந்து சேர்ந்தார். வயல் வேலை அவருக்கு ஒட்டவில்லை.

1929-ல் வர்ஜீனியா டிராவிஸ் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருஷமே பிரசவத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள். ராபர்ட்டுக்கு அப்போது 19 வயதுகூட ஆகவில்லை.

அந்த 1930-ல்தான் சன் ஹவுஸ் என்ற பெரிய ப்ளூஸ்காரர் ராபின்சன்வில்லுக்கு வந்தார். கூட வில்லி பிரவுன். இருவரும் வாசிக்கும் இடங்களுக்கெல்லாம் ராபர்ட் போய்விடுவார். மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பார். கிட்டார்தான் வராது. அவர்கள் ஓய்வுக்கு வெளியே போன நேரம் பார்த்துக் கிட்டாரை எடுத்துத் தட்டுவார், கூட்டம் கத்தும், "அதை அவன்கிட்டேயிருந்து வாங்குங்கள்" என்று. இதையெல்லாம் சன் ஹவுஸே பிற்காலத்தில் சொன்னார். அப்புறம் ராபர்ட் ஊரைவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முதுகில் ஒரு கிட்டார். உட்கார்ந்து வாசித்தார். சன் ஹவுஸுக்கும் பிரவுனுக்கும் வாயடைத்துப்போனது.

இடையில் எங்கே போனார்? பிறந்த ஊர்ப்பக்கம், பெற்ற அப்பா நோவாவைத் தேடி. அங்கே ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்க்காரரிடம் சேர்ந்தார், அவர் வீட்டிலேயே தங்கினார். அந்த வீட்டு மகள் முதிய வயதில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ராத்திரியில் இருவரும் கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்களாம். யாருக்கும் தொந்தரவில்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்க அதைவிட அமைதியான இடம் ஏது? கல்லறைமேல் உட்கார்ந்து ஒரு குருவும் மாணவனும் இருட்டில் பாடம் படித்தார்கள். சாத்தான் கதையின் 'ஒரே ராத்திரி', இப்படிக் கழிந்த எத்தனையோ ராத்திரிகள்தான். ஏறத்தாழ ஒன்றிரண்டு வருஷம்.

இன்னொரு குரு இசைத்தட்டு. ஜான்சன் ஒரு கிராமத்துக் காட்டுப்பூ, வெளியுலகம் தெரியாதவர் என்று எழுதுவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அவர் தட்டுகளை விடாமல் கேட்டவர். அவரோடு ஊர் ஊராக அலைந்த ஜானி ஷைன்ஸ், ரேடியோவில் ஒருமுறை கேட்டதை ஜான்சன் அப்படியே வாசித்துவிடுவார், ப்ளூஸ் மட்டுமில்லை, கூட்டம் கேட்கும் சினிமாப் பாட்டு, நடனப் பாட்டு எல்லாம் வாசிப்பார் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய 'லவ் இன் வெய்ன்' பாட்டின் மெட்டில் லீராய் காரின் பாட்டு ஒன்று தெளிவாகத் தெரியும். 'ஸ்வீட் ஹோம் சிகாகோ'வுக்கு அடியில் கோகோமோ அர்னால்ட் என்பவரின் பாட்டு இருக்கிறது.

லீராய் கார் பியானோ வாசித்துப் பாடியவர். ஸ்கிராப்பர் பிளாக்வெல் அவருக்குக் கிட்டார் வாசித்தார். அந்தக் காலத்தில் மிகவும் பிரபலமான இரட்டையர். ஜான்சன் கேட்டுப் பழகியது இரண்டு பேர் சேர்ந்து வாசித்த தட்டுகளை. பியானோவின் இடதுகை, கிட்டாரின் பதில் இரண்டையும் தன் ஒரே கிட்டாரில் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். கீத் ரிச்சர்ட்ஸின் காது ஏமாறவில்லை என்றுதான் நான் சொல்வேன். அந்த இன்னொருவர் உண்மையாகவே உள்ளே இருக்கிறார்.

## அப்படியானால் சாத்தான் எங்கிருந்து வந்தது?

பல வழிகளில். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ப்ளூஸை ஏற்கெனவே 'சாத்தானின் இசை' என்று சொல்லிவந்தார்கள். பாடகர்களும் அதை விளம்பரமாக்கினார்கள். பீட்டி வீட்ஸ்ட்ரா என்ற பாடகர் தட்டிலேயே 'சாத்தானின் மருமகன்' என்று போட்டுக்கொண்டார். ஜான்சனும் சாத்தானைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்.

நாற்சந்தியில் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்த கதை முதலில் இன்னொருவருடையது. டாமி ஜான்சன் என்ற டெல்டா பாடகரைப் பற்றி அவருடைய அண்ணன் லெடெல் சொன்னது அது. ராபர்ட்டுக்கும் டாமிக்கும் உறவில்லை, ஒரே குடும்பப்பெயர்தான். (வாயேஜர் விண்கலத்தில் போன பாட்டும் ராபர்ட்டுடையது என்று சிலர் எழுதுகிறார்கள். அது ப்ளைண்ட் வில்லி ஜான்சன் என்ற வேறொருவர்.) 1960களில் சன் ஹவுஸின் பேட்டியை ஒட்டி ஆன்மா விற்ற பேச்சு அச்சில் வந்தது. 1986-ல் ஹாலிவுட் படம் ஒன்றும் வந்தது. அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. கிளார்க்ஸ்டேல் ஊரில் 61-ஆம் சாலையும் 49-ஆம் சாலையும் சந்திக்கும் இடத்தில் கிட்டார் வடிவப் பலகை நட்டு, இதுதான் அந்த இடம் என்கிறார்கள்.

1936 நவம்பர் 27-ல் ஜான்சன் பதிவு செய்த 'க்ராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டைக் கேளுங்கள். அதில் சாத்தானே இல்லை, எந்தச் சாலையின் பெயரும் இல்லை. ஒருவன் நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறான். வண்டியை நிறுத்தக் கை காட்டுகிறான், யாரும் நிறுத்தவில்லை. பொழுது சாய்கிறது. அன்றைய மிசிசிப்பியில் அறியாத ஊரில் இருட்டிய பிறகு ஒரு கறுப்பின இளைஞன் தனியாகச் சாலையில் நிற்பது உயிருக்கே ஆபத்து. அவருடைய வளர்ப்பப்பா ஊரைவிட்டு ஓடிய காரணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டில் உள்ள பயத்துக்குச் சாத்தான் தேவையே இல்லை.

## ஐந்து நாள்

அவர் நமக்கு விட்டுப்போனது மொத்தம் ஐந்து நாள் வேலை. ஜாக்சன் நகரத்தில் கடை வைத்து, இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் பாடகர்களைத் தேடிக்கொடுத்த எச். சி. ஸ்பியர் வழியாக வாய்ப்பு வந்தது. 1936 நவம்பர் 23, 26, 27-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், கன்டர் ஹோட்டலில் பதிவு. 1937 ஜூன் 19, 20-ல் டல்லாஸில். 29 பாட்டு. சிலவற்றை இரண்டு முறை பாடினார்.

அன்று பதிவு என்றால் ஊசி மெழுகுத் தட்டில் நேரடியாகக் கீறிக்கொண்டே போகும். வெட்டி ஒட்ட வழியில்லை. தட்டில் இடம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். அதற்குள் பாட்டு தொடங்கி, ஏறி, முடிய வேண்டும். பதிவை நடத்திய டான் லா, ஜான்சன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்ததாகச் சொன்னார். கூச்சமா, சத்தம் திரும்பி வரட்டும் என்றா, கையை மறைக்கவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். யாராவது விரலை உன்னித்துப் பார்த்தால் ஜான்சன் எழுந்து போய்விடுவார் என்று கூட அலைந்தவர்கள் சொல்லியிருப்பதால், நான் மூன்றாவதன் பக்கம் சாய்கிறேன்.

'டெராப்ளேன் ப்ளூஸ்' மட்டும் தெற்கே சுமாராக விற்றது, ஏறக்குறைய 5,000 தட்டு. 1938 ஆகஸ்ட் 16-ல் கிரீன்வுட் ஊருக்கு அருகே இறந்துபோனார். விஸ்கியில் விஷம் கலந்து கொடுத்தார்கள் என்பது கூட இருந்தவர்களின் பேச்சு. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'மருத்துவர் இல்லை' என்று இருக்கிறது. அந்தச் சான்றிதழே 1968-ல்தான் கிடைத்தது.

அதே வருஷம் டிசம்பர் 23-ல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பின இசையை மேடையேற்றிய ஜான் ஹேமண்ட், ஜான்சனைத்தான் அழைக்கத் தேடினார். இறந்த செய்தி வந்தது. மேடையில் ஆள் இல்லாமல் அவருடைய இரண்டு தட்டுகளைப் போட்டுக் கேட்க வைத்தார்.

## யார் கைக்குப் போனது

அவர் நேராக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது ராபர்ட் லாக்வுட் என்ற ஒரு பையனுக்கு மட்டும்தான் என்பார்கள். மற்றவர்கள் கேட்டுக் கற்றார்கள். 1941-ல் நாட்டுப்பாடல் ஆராய்ச்சியாளர்கள் டெல்டாவுக்கு வந்தபோது அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ், ஜான்சனின் வழியில் பாடிக் காட்டினார். 1943-ல் சிகாகோ போனார். அங்கே கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, டிரம்ஸ் வந்தது. ஜான்சனின் கட்டைவிரல் செய்த வேலை அடிச்சுரம் மட்டும் வாசிக்கும் ஒரு தனி 'பேஸ்'காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் பிரிந்துபோனது. அந்த ப-ப-த-த நடையை வேகப்படுத்தி வாசித்துப் பாருங்கள், ராக் அண்ட் ரோலின் தாளக் கிட்டார் கேட்கும்.

1961-ல் கொலம்பியா நிறுவனம் அவருடைய 16 பாட்டுகளை ஒரு நீண்ட இசைத்தட்டாக வெளியிட்டது. அது கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் கைக்குப் போனது. அவர்களில் ஒருவரான கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிவருகிறார். அவருடைய க்ரீம் குழு நாற்சந்திப் பாட்டை 1968-ல் வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1969-ல் 'லவ் இன் வெய்ன்' பாடினார்கள். 1990-ல் முழுத் தொகுப்பு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1994-ல் அமெரிக்க அரசு தபால்தலை போட்டது, நிழற்படத்தில் உதட்டில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு.

## எதில் தொடங்குவது

'கம் ஆன் இன் மை கிச்சன்'. இதில் இரண்டு பதிவு இருக்கிறது, மெதுவாகப் போகும் முதல் பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் நல்லது. முதல் சுற்றில் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை போட்டு, வரி முடியும் இடங்களில் ஸ்லைடு என்ன பதில் சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். குரல் பாதியில் விட்ட சொல்லை அது பல இடங்களில் முடித்துவைக்கும். செயின்ட் லூயிஸில் ஒருமுறை ஜான்சன் இதை வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை என்றும், பார்த்தால் ஆண்களும் பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள் என்றும் ஜானி ஷைன்ஸ் சொல்லியிருக்கிறார்.

பாட்டின் நடுவே ஓரிடத்தில் ஜான்சன் பாடுவதை நிறுத்திவிட்டு, காற்று ஊளையிடுவது கேட்கிறதா என்று பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோல் மெல்லக் கேட்பார். கட்டைவிரல் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சுண்டுவிரல் மெல்லிய தந்தியில் லேசாக நகரும்.